மெலடி ரசிகரா நீங்க? மைல்ஸ் டேவிஸின் எலெக்ட்ரிக் ஜாஸை இந்த வரிசையில் கேட்டுப் பாருங்க!

அபிராமத்தில் பஸ் ஏறி, இயர்போன் மாட்டி இளையராஜா மெலடியைப் போட்டால் பரமக்குடி வருவதே தெரியாது. நடுவில் எலெக்ட்ரிக் ஜாஸ் ஓடினால்? நம்மில் பலர் 30 விநாடியில் ஸ்கிப் பண்ணிடுவோம். மெட்டு எங்கே ஆரம்பிக்குது, எங்கே முடியுது என்றே பிடிபடாது.

அந்த இசைக்குப் பாதை போட்டவர்களில் முக்கியமானவர் மைல்ஸ் டேவிஸ். ஆச்சரியம் என்னன்னா, அவரும் அடிப்படையில் ஒரு மெலடி ஆள்தான். அவர் வாழ்க்கையை வரிசையாகப் பார்த்தால் இது புரியும்.

யார் இந்த மைல்ஸ்?

1926 மே 26-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், வசதியான கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா பல் டாக்டர். சிறுவயதில் டிரம்பெட் கற்றுக்கொடுத்த எல்வுட் புக்கனன், ஒலியை நடுங்கவிடாமல் நேராக ஊதப் பழக்கினார். அந்த நேரான ஒலிதான் கடைசி வரை மைல்ஸின் அடையாளம்.

1944-ல் நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப் பள்ளியில் சேர்ந்தார். ஆனால் மனசெல்லாம் சார்லி பார்க்கர் வாசித்த கிளப்களில். படிப்பைப் பாதியில் விட்டு அவருடனேயே வாசித்தார். அப்போது மின்னல் வேக வாசிப்புக்குத்தான் மவுசு. மைல்ஸ் வேறு வழியில் போனார்: குறைவான ஸ்வரம், நடுவில் மௌனம்.

1950-களின் தொடக்கத்தில் ஹெராயின் பழக்கம் அவரைச் சாய்த்தது. அதிலிருந்து மீண்டு, 1955 நியூபோர்ட் ஜாஸ் விழாவில் மறுபடி கவனம் பெற்றார்.

1959: புகழும் அடியும்

'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பம் வந்தது 1959-ல். அன்றைய ஜாஸில் பின்னணி கார்ட்ஸ் நொடிக்கு நொடி மாறும். மைல்ஸ் அதைக் குறைத்து, ஒரே ஸ்வர வரிசையில் நிதானமாக உலாவ இடம் கொடுத்தார். ராகம் கேட்டு வளர்ந்த நம் காதுக்கு இது சட்டென்று ஒட்டும்.

ஆல்பம் வந்த சில நாட்களிலேயே, தான் வாசித்துக்கொண்டிருந்த நியூயார்க் கிளப்பின் வாசலில் நின்றபோது போலீஸ் அவர் தலையில் அடித்தது. அவ்வளவு புகழும் அவரைக் காப்பாற்றவில்லை.

ஏன் எலெக்ட்ரிக்குக்கு மாறினார்?

1960-களின் கடைசியில் இளைஞர் கூட்டம் ராக் பக்கம் போய்விட்டது. பழைய ஹிட்டை வாசித்தே மைல்ஸ் காலத்தை ஓட்டியிருக்கலாம். அவர் ஓட்டவில்லை. 1969-ல் எலெக்ட்ரிக் பியானோக்கள், ஆர்கன், ஜான் மெக்லாஃப்லினின் கிட்டாருடன் 'இன் எ சைலன்ட் வே' பதிவானது. தயாரிப்பாளர் டியோ மாசெரோ டேப்பை வெட்டி ஒட்டி, இரண்டாம் பக்கத்தின் தொடக்க மெட்டைக் கடைசியில் மறுபடி வைத்தார். பல்லவிக்குத் திரும்பும் சுகம் அங்கே கிடைக்கும்.

அடுத்து 1970-ல் 'பிட்சஸ் ப்ரூ'. ஒரே நேரத்தில் பல டிரம்ஸ், பல கீபோர்டு. பழைய ரசிகர்கள் பலர் கோபித்துக்கொண்டார்கள், புது ரசிகர்கள் அள்ளிக்கொண்டார்கள். 1972-ல் வந்த 'ஆன் தி கார்னர்' ஆல்பத்தில் பாதல் ராயின் தபலாவும் உண்டு. விமர்சகர்கள் அதைக் கிழித்தெடுத்தார்கள். அதன் மதிப்பு பல வருஷம் கழித்தே புரிந்தது.

இருண்ட பக்கம்

1975 முதல் சுமார் 5 ஆண்டுகள் உடல்நலக் கோளாறு, போதை என வீட்டுக்குள் முடங்கினார். மனைவி பிரான்சிஸை அடித்ததைப் பின்னாளில் சுயசரிதையில் அவரே ஒப்புக்கொண்டார். இசை பெரிது என்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை.

1981-ல் திரும்பி வந்தவர், 1985-ல் மைக்கேல் ஜாக்சன் பாடிய 'ஹியூமன் நேச்சர்' மெட்டை டிரம்பெட்டில் வாசித்தார். 1991 செப்டம்பர் 28-ல் தன் 65-வது வயதில் காலமானார்.

நம்ம ராமநாதபுரம் கனெக்‌ஷன்

மைல்ஸிடம் வாசித்த மெக்லாஃப்லின், பிறகு எல்.சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் 'சக்தி' குழுவைத் தொடங்கினார். 1976-ல் வந்த அதன் முதல் ஆல்பத்தில் மிருதங்கம் வாசித்தவர் ராம்நாட் ராகவன். பெயரிலேயே நம்ம ஊர்!

எப்படிக் கேட்கலாம்?

முதலில் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. பழகியதும் 'இன் எ சைலன்ட் வே'. அது 40 நிமிஷம்கூட இல்லை, ஒரு பஸ் பயணத்துக்குச் சரியாக இருக்கும். அப்புறம்தான் 'பிட்சஸ் ப்ரூ'.

எல்லாக் கருவியையும் ஒரே நேரத்தில் பிடிக்க முயலாதீங்க. பேஸ் கிட்டார் திரும்பத் திரும்ப வாசிப்பதைத் தம்புரா மாதிரி அடியில் ஓடவிட்டு, டிரம்பெட்டை மட்டும் தொடருங்க. சுற்றி எவ்வளவு சத்தம் இருந்தாலும், அந்தச் சில ஸ்வரங்கள் அதே பழைய மைல்ஸ்தான். மெலடி அங்கேயேதான் இருக்கு.