உடற்பயிற்சியில எத்தனை கலோரி எரியுது? முதன்முதலில் அளந்து பார்த்தவரின் கதை

காத்தோங்கிலிருந்து ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவுக்கு நடந்து போய், அரை மணி நேரம் மெதுவோட்டம் ஓடிட்டு திரும்புறீங்க. கைக்கடிகாரம் 312 கலோரி எரிந்ததாகக் காட்டுது. அந்த நம்பிக்கையில ஒரு கிண்ணம் லக்சா சாப்பிடலாமா?

லக்சா ஒரு கிண்ணம் பெரும்பாலும் 500 கலோரியைத் தாண்டும். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கு. உங்கள் உடம்புக்குள் எரிந்ததை அந்தக் கடிகாரம் எப்படிக் கண்டுபிடித்தது?

அதற்கான பதிலைத் தேடினால் 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸுக்குப் போக வேண்டும்.

வழக்கறிஞர் படிப்பு, வரி வசூல் வேலை

ஆண்டுவான் லவாய்சியர் 1743 ஆகஸ்ட் 26ஆம் தேதி பாரிஸில் பிறந்தார். அப்பா வழக்கறிஞர். அம்மா சீக்கிரமே இறந்துவிட்டார். மகனும் சட்டம்தான் படித்தார், ஆனால் மனசு முழுக்க வேதியியலில். 1768இல், 25 வயதுகூட நிறையாத நிலையில், பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் இடம் கிடைத்தது.

அதே ஆண்டு இன்னொரு காரியமும் செய்தார். அரசருக்காக மக்களிடம் வரி வசூலிக்கும் தனியார் நிறுவனத்தில் பங்கு வாங்கினார். ஆய்வுக்கூடத்துக்கு வேண்டிய விலையுயர்ந்த தராசுகளும் கண்ணாடிக் கலங்களும் அந்த வருமானத்தில்தான் வந்தன. பின்னால் அவருடைய உயிரைப் பறித்ததும் அதே பங்குதான்.

1771இல் அந்த நிறுவனத்தின் மற்றொரு பங்குதாரருடைய மகள் மேரி ஆனைத் திருமணம் செய்தார். மணமகளுக்கு வயது 13! அந்தக் காலத்து வழக்கம் அப்படி. மேரி ஆன் ஆங்கிலம் கற்று அறிவியல் நூல்களை மொழிபெயர்த்தார், ஓவியம் கற்று ஆய்வுக் கருவிகளை வரைந்தார், சோதனைக் குறிப்புகளையும் எழுதி வைத்தார். அவர் இல்லாமல் லவாய்சியரின் பாதிக் கதை நமக்குக் கிடைத்திருக்காது.

பனிக்கட்டிக்குள் ஒரு கினிப்பன்றி

பொருள்கள் எரியும்போது காற்றிலுள்ள ஒரு வாயுவோடு சேர்கின்றன என்று லவாய்சியர் காட்டினார். அந்த வாயுவுக்கு ஆக்சிஜன் என்று பெயர் வைத்தவரும் அவரே. மெழுகுவத்தி எரிவதும் உயிர்கள் மூச்சு விடுவதும் ஒரே வேலைதானோ என்ற சந்தேகம் அவருக்கு வந்தது.

1782-83 குளிர்காலத்தில் கணித மேதை லாப்லாஸுடன் சேர்ந்து ஒரு கலத்தைச் செய்தார். நடுவில் கினிப்பன்றி, சுற்றிலும் பனிக்கட்டி. விலங்கின் உடல் சூட்டில் எவ்வளவு பனி உருகுதோ, அதுதான் அது வெளியிட்ட வெப்பம். 10 மணி நேரத்தில் ஏறக்குறைய 400 கிராம் உருகியது. ஒரு கிலோ பனியை உருக்க சுமார் 80 கலோரி தேவை. அப்படியென்றால் அந்தச் சின்ன உயிர் 10 மணி நேரத்தில் எரித்தது சுமார் 32 கலோரி.

(கலோரி என்ற அலகு அவர் இறந்த பிறகுதான் வந்தது. இங்கே சொல்வது உணவுப் பொட்டலங்களில் நாம் பார்க்கும் கலோரி, அதாவது ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும் வெப்பம்.)

ஆனால் மனிதனைப் பனிக்கட்டிக்குள் உட்கார வைத்து ஓடச் சொல்ல முடியுமா? வேறு வழி வேண்டியிருந்தது.

முகமூடி போட்ட நண்பர்

1789, 1790ஆம் ஆண்டுகள். வெளியே பிரெஞ்சுப் புரட்சி வெடித்துக்கொண்டிருக்கிறது. உள்ளே, வெடிமருந்துக் கிடங்கு வளாகத்திலிருந்த ஆய்வுக்கூடத்தில், அர்மான் செகுவன் என்ற இளம் உதவியாளர் முகமூடி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் சுவாசிக்கும் ஆக்சிஜனை லவாய்சியர் அளக்கிறார். மேசையில் மேரி ஆன் குறிப்பெடுக்கிறார். இந்தக் காட்சியை அவரே வரைந்த படங்கள் இன்னும் இருக்கின்றன.

வெறும் வயிற்றோடு சும்மா இருந்தபோது செகுவன் பயன்படுத்திய ஆக்சிஜன் மணிக்குச் சுமார் 24 லிட்டர். சாப்பிட்ட பிறகு 38. கால் மிதியால் எடை தூக்கும் வேலை செய்தபோது 65. சாப்பிட்டுவிட்டு அதே வேலையைச் செய்தபோது 91 லிட்டர்.

அந்த முதல் எண் இன்றைய கணக்குப்படி கொஞ்சம் அதிகம்தான். சும்மா இருக்கும் ஒருவருக்கு மணிக்கு 15 லிட்டர் அளவு போதும். ஆனால் பார்க்க வேண்டியது ஏறுமுகத்தை. வேலை கூடக் கூட ஆக்சிஜனும் கூடுது. ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்கு ஏறக்குறைய 5 கலோரி என்று பிற்காலத்தவர்கள் கண்டுபிடித்தார்கள். மூச்சை அளந்தால் கலோரி தெரிந்துவிடும். விளையாட்டு ஆய்வுக்கூடங்களில் முகமூடி மாட்டி ஓட விடுவது இன்றும் இதற்குத்தான்.

லவாய்சியர் இன்னொன்றையும் கவனித்தார். வேலை கூடும்போது ஆக்சிஜனோடு நாடித் துடிப்பும் கூடியது. உங்கள் கடிகாரம் பிடித்துக்கொண்டிருப்பது இந்த நூலைத்தான். அது ஆக்சிஜனை அளக்கவில்லை. நாடியையும் கை அசைவையும் பார்த்து ஊகிக்குது.

அவர் தவறிய இடமும் உண்டு. எரிதல் நுரையீரலில் நடக்குதுன்னு நினைத்தார். அது உடம்பின் ஒவ்வோர் உயிரணுவிலும் நடக்கிறது.

இந்த ஆய்விலிருந்து அவர் போன திசைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. உடம்பால் உழைப்பவனுக்கு அதிகம் எரிகிறது, அவனுக்குத்தான் அதிகச் சாப்பாடு வேண்டும். ஆனால் கிடைப்பதோ உட்கார்ந்திருக்கும் பணக்காரனுக்கு. இந்த அநியாயத்தை அவர் அறிவியல் கட்டுரையிலேயே எழுதினார், சமூகம் அதைச் சரிசெய்ய முடியும் என்றும் நம்பினார்.

1794 மே 8

எழுதியவர் ஏழைகளின் பக்கம் நின்றாலும், ஊருக்கு அவர் வரி வசூலிப்பவர். பாரிஸுக்குள் வரும் சரக்குகள் வரி கட்டாமல் தப்பிக்காதபடி நகரைச் சுற்றி மதில் கட்ட யோசனை சொன்னவரும் அவர்தான். மக்கள் அதை மறக்கவில்லை.

1793 நவம்பரில் கைதானார். 1794 மே 8ஆம் தேதி விசாரணை, தீர்ப்பு, தண்டனை எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. மாமனார் உட்பட 28 வரி வசூல் பங்குதாரர்களின் தலை துண்டிக்கப்பட்டது. லவாய்சியருக்கு வயது 50. அடுத்த ஆண்டே அரசு அவர்மீது குற்றமில்லை என்று ஒப்புக்கொண்டது. மேரி ஆன் பறிமுதலான குறிப்பேடுகளை மீட்டு, கணவரின் கட்டுரைகளை நூலாக வெளியிட்டார். முகமூடி போட்ட செகுவனோ, ராணுவத்துக்குத் தோல் பதனிட்டு விற்றுப் பெரும் பணக்காரரானார்!

சென்னையில் ஒரு கணக்கு

லவாய்சியரின் முறை நூறாண்டு கழித்து அமெரிக்காவில் அறை அளவுக் கருவியாக வளர்ந்தது. பிறகு சென்னைக்கும் வந்தது. மகளிர் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியை எலினார் மேசன், அமெரிக்காவின் ஃபிரான்சிஸ் பெனடிக்டுடன் சேர்ந்து தென்னிந்தியப் பெண்கள் ஓய்வில் எரிக்கும் கலோரியை அளந்தார். முடிவு 1931இல் வெளியானது. அமெரிக்கர்களை வைத்துப் போட்ட சூத்திரம் சொன்னதைவிட இந்தப் பெண்களின் அளவு 15 விழுக்காட்டுக்கும் மேல் குறைவு. வெயிலா, இனமா என்று பல காலம் வாதம் நடந்தது. உடல் எடையும் தசையின் அளவும்தான் பெரிய காரணம் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

அதனால்தான் ஒரே ஓட்டத்துக்கு இருவருக்கு இரண்டு விடை வருது. 2017இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகம் 7 கைப்பட்டைகளைச் சோதித்தது. நாடியைப் பெரும்பாலானவை சரியாகச் சொன்னன. கலோரியில் மிகச் சிறந்ததே சராசரியாக 27 விழுக்காடு பிசகியது, மிக மோசமானது 93 விழுக்காடு. நம்ம ஊர்ப் புழுக்கமும் ஒரு கோப்பை கோப்பியும்கூட நாடியை ஏற்றிவிடும். அது உழைப்பு இல்லை.

கடிகாரம் இல்லாமலும் கணக்குப் போடலாம். சும்மா உட்கார்ந்திருந்தால் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஒரு கலோரி. வேக நடை அதைப்போல் ஏறக்குறைய 4 மடங்கு, மெதுவோட்டம் 7 மடங்கு. 60 கிலோ எடையுள்ளவர் அரை மணி வேகமாக நடந்தால் 120 கலோரி. அதில் 30, சோபாவில் சாய்ந்திருந்தாலும் எரிந்திருக்கும். நடந்ததால் கூடுதலாக எரிந்தது 90 மட்டுமே.