மிளகாயில் கிடைத்த புதையல்

ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் 1893-ல் பிறந்தவர் ஆல்பர்ட் சென்ட்-ஜார்ஜி. செகெட் நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். வைட்டமின் சி சத்தைத் தனியே பிரித்தெடுத்தார். ஆனால் சோதனைக்குப் போதிய அளவு கிடைக்கவில்லை.

மனைவி வைத்த மிளகாய்

ஒரு நாள் மனைவி அவருக்கு இனிப்பு மிளகாய் பரிமாறினார். சாப்பிட மனம் இல்லை. அதை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய்ச் சோதித்தார். என்ன ஆச்சரியம்! அதில் வைட்டமின் சி நிறைய இருந்தது. கிலோ கணக்கில் எடுத்தார். 1937-ல் நோபல் பரிசும் பெற்றார்.

இன்னொரு சத்து

தோலுக்கடியில் ரத்தம் கசியும் ஒரு நோய் உண்டு. சுத்தம் செய்யாத சாறு அதைக் குணப்படுத்தியது. தூய வைட்டமின் சி குணப்படுத்தவில்லை. அப்படியானால் சாற்றில் வேறு ஏதோ இருக்க வேண்டும் அல்லவா?

எலுமிச்சையிலும் மிளகாயிலும் தேடினார். கிடைத்தவை பிளேவனாய்டுகள். பூவுக்கும் பழத்துக்கும் நிறம் தரும் பொருள்களில் இவையும் சேரும். 1936-ல் இதற்கு "வைட்டமின் பி" என்று பெயரிட்டார். தவிட்டில் உள்ள பி வைட்டமின் வேறு, இது வேறு.

பெயர் போனது

மற்றவர்கள் சோதித்தபோது இது வைட்டமின்தான் என்பது உறுதிப்படவில்லை. 1950-ல் அந்தப் பெயர் கைவிடப்பட்டது. சென்ட்-ஜார்ஜி 1986-ல் அமெரிக்காவில் காலமானார்.

பெயர் போனாலும் பொருள் போகவில்லை. வெங்காயம், தேயிலை, ஆப்பிள் இவற்றில் உள்ள பிளேவனாய்டுகள் முதுமையைத் தள்ளிப்போடுமா என்று விஞ்ஞானிகள் ஆராய்கிறார்கள். விலங்குகளிடம் சில நல்ல பலன்கள் தெரிந்தன. மனிதருக்கு இன்னும் நிரூபணம் ஆகவில்லை. இளமை தரும் மாத்திரை என்று யாராவது விற்றால், வைட்டமின் பி-யின் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். காய்கறியும் பழமும் தாராளமாகச் சாப்பிடுங்கள்!