கட்டம் போட்டுக் கண்ட கவிஞர்

நாமக்கல் கோட்டைமலையை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அவ்வூரின் பெயராலேயே அழைக்கப்பெறும் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையை அறியாதார் நம்மில் எவர்? ஆயினும், பாட்டால் புகழ் பெறுமுன் அவர் தூரிகையால் புகழ் பெற்றவர் என்பதை நான் சென்ற ஆண்டுதான் அறிந்தேன். அறியச் செய்தது ஒரு சிறிய நிழற்படம்.

தமிழ் மன்ற விழாவுக்குக் கவிஞரின் படத்தைப் பெரிதாக வரைவதும், அவர் வாழ்க்கையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவதும் என் பொறுப்பாயின. என்னிடம் இருந்த நிழற்படம் 10 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம். வாங்கிய தாளோ 60 செ.மீ. அகலம், 75 செ.மீ. உயரம். தாள் முழுதும் நிறையட்டும் என்ற ஆசையில் அகலத்தை 6 மடங்காகவும் உயரத்தை 5 மடங்காகவும் பெருக்கி, ஓர் இரவு முழுதும் வரைந்தேன். விடிந்ததும் பார்த்தேன். நெற்றியும் தாடையும் பக்கவாட்டில் பரந்து, யாரோ ஒருவர் என்னைப் பார்த்துக் கொண்டிருந்தார்!

வெட்கத்துடன் கணிதப் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. எந்த உருவத்தைப் பெருக்கினாலும் சுருக்கினாலும் எல்லாத் திசையிலும் ஒரே எண்ணால்தான் செய்ய வேண்டும் என்று விளக்கினார். நிழற்படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து 1 செ.மீ. கட்டங்கள் 150 போட்டேன். பெரிய தாளிலும் அதே 150 கட்டங்கள், ஆனால் ஒவ்வொன்றும் 5 செ.மீ. ஒரு கட்டத்தில் கோடு எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறதோ, அவ்வாறே மறு கட்டத்திலும் வரைய வேண்டும். நீளம் 5 மடங்கானால் பரப்பு 25 மடங்காகும் என்பதையும் என் கரிக்கோல் தேய்ந்தே எனக்கு உணர்த்தியது.

வரைந்துகொண்டே அவர் வரலாற்றைப் படித்தேன். 1888 அக்டோபர் 19இல் காவிரிக் கரையிலுள்ள மோகனூரில் பிறந்தார். தந்தையார் காவல்துறையில் பணியாற்றியவர். நாமக்கல் வட்ட அலுவலகத்தில் கவிஞர் சிறிது காலம் எழுத்தராக இருந்தார். அந்நாளில் கிராம வரைபடங்கள் மைலுக்கு 16 அங்குலம் என்ற அளவில் இருந்தன, அதாவது 1:3960. இன்று அது 1:5000. பழைய படத்தின் 10 செ.மீ. கோடு புதிய படத்தில் 7.92 செ.மீ. ஆகும். படம் சுருங்கினாலும் வயலின் வரப்பு மாறுவதில்லை!

பின்பு தொடக்கப் பள்ளி ஆசிரியரானார். ஓவியத்தையே பிழைப்பாகவும் கொண்டார். 1911இல் டில்லியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழா நடந்தது. பாரத மாதா மன்னருக்கு முடிசூட்டுவதாக இவர் தீட்டிய ஓவியத்திற்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. பின்னொரு நாள் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பாரதியாரைச் சந்தித்தார். ஓவியராக அறிமுகமானவரின் பாட்டைக் கேட்ட பாரதியார், அவருள் ஒரு புலவரைக் கண்டு மகிழ்ந்து பாராட்டினார். 1930இல் இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்கச் சென்ற தொண்டர்களின் நடைப்பாட்டு இவர் இயற்றியதே. சத்தியாகிரகத்தில் ஈடுபட்டு ஓராண்டு சிறையும் கண்டார். அப்போதும் ஆட்சியில் இருந்தவர் அதே ஐந்தாம் ஜார்ஜ் மன்னர்தான்!

இங்கேதான் என் பேச்சு தடைப்பட்டது. பதக்கச் செய்தியை விட்டுவிடு, தியாகியின் பெருமை குறையும் என்றனர் நண்பர்கள். எனக்கும் அது சரியென்றே பட்டது. அந்த வரியை அடித்தும் விட்டேன். ஆனால் மேசையின் மேல் கிடந்த, பரந்த முகமுடைய அந்த முதல் படம் என்னைச் சுட்டது. 83 ஆண்டு வாழ்வைப் பத்து நிமிடமாகச் சுருக்குவதும் அளவு மாற்றந்தானே? சிறைவாசத்தை மட்டும் பெருக்கிப் பதக்கத்தை மறைத்தால், வருவது வேறு யாருடைய முகமோ அல்லவா? மன்னருக்கு முடிசூட்டிய கை, அம்மன்னரின் ஆட்சியை எதிர்த்து எழுதியது. இடையிலுள்ள அந்தத் தொலைவுதான் அவர் பெருமையின் அளவு.

அடித்த வரியை மீண்டும் எழுதினேன். 1949இல் சென்னை மாநிலத்தின் முதல் அரசவைக் கவிஞரானது, 'மலைக்கள்ளன்' நாவல் 1954இல் திரைப்படமானது, 1971இல் பத்மபூஷண் பெற்றது, 1972 ஆகஸ்ட் 24இல் மறைந்தது அனைத்தும் அதற்குரிய இடத்தில் அமைந்தன. தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடம் இன்று நாமக்கல் கவிஞர் மாளிகை என்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

விழாவில் படத்தைக் கண்ட மூத்த பேராசிரியர் ஒருவர், பெயரைப் படிக்காமலே கவிஞரை அடையாளம் கண்டுகொண்டார். படத்தின் இருபுறமும் 5 செ.மீ. வெற்றிடம் இருந்தது. அதை இப்போது நான் குறையாக நினைப்பதில்லை.

— மூன்றாம் ஆண்டு இளங்கலை வரலாற்று மாணவன்