ஆஞ்செலிக்: எரிந்த ஊரும் ஓர் அடிமைப் பெண்ணும்

எமிலி பிராண்டேயின் 'வுதரிங் ஹைட்ஸ்' (1847) நாவலைக் கல்லூரி நாட்களில் படித்தபோது ஹீத்கிளிஃப் மேல் கோபமும் பரிதாபமும் எனக்கு மாறி மாறி வந்தன. அநாதையாக வந்து, அடிபட்டு, காதலித்தவளையும் இழந்து, கடைசியில் ஒன்றும் அறியாத அடுத்த தலைமுறையை வதைக்கிறவன். கதைதானே என்று மறந்துவிட்டேன். மாண்ட்ரியலுக்கு வேலைக்கு வந்த பிறகு, நகர மன்றத்தருகே, ஷாம்ப்-த-மார்ஸ் மெட்ரோ நிலையத்தை ஒட்டிய சதுக்கத்துக்கு 2012ல் ஒரு பெண்ணின் பெயரை வைத்தார்கள். யார் இவள் என்று தேடப்போக, ஹீத்கிளிஃப் மறுபடி நினைவுக்கு வந்தான்.

மரி-ஜோசஃப் ஆஞ்செலிக் 1705 வாக்கில் போர்ச்சுகலின் மதீரா தீவில் பிறந்த கறுப்பினப் பெண். கை மாறி மாறி விற்கப்பட்டு, 1725ல் மாண்ட்ரியல் வணிகர் பிரான்ஸ்வா புலான் த ஃபிரான்ஷ்வில் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கனடாவில் அடிமை முறையா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். 1834 வரை சட்டப்படியே இருந்திருக்கிறது. 1731ல் ஒரு குழந்தை, 1732ல் இரட்டைக் குழந்தைகள்; மூன்றும் ஆறு மாதம்கூடத் தாண்டவில்லை.

1733 நவம்பரில் எஜமானர் இறந்தார். எஜமானி தெரேஸ் த குவாஞ்ஞிடம் விடுதலை கேட்டாள், கிடைக்கவில்லை. அதே வீட்டில் கூலியாளாக இருந்த குளோத் திபோ என்ற வெள்ளைக்காரனோடு அதற்குள் காதல். தன்னை கியூபெக்கில் ஒருவருக்கு விற்க ஏற்பாடாகிறது என்று அறிந்ததும், 1734 பிப்ரவரிப் பனியில் இருவரும் நியூ இங்கிலாந்தை நோக்கி ஓடினார்கள். இங்கே பிப்ரவரியில் பேருந்து நிறுத்தத்தில் பத்து நிமிடம் நின்றவர்களுக்கு அது எப்படிப்பட்ட துணிச்சல் என்று புரியும். சுமார் இரண்டு வாரத்தில் பிடிபட்டார்கள். அவன் சிறைக்கு, அவள் பழைய வீட்டுக்கு. எஜமானி தடுத்தும் சிறைக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். வீட்டைக் கொளுத்துவேன் என்று பலரிடம் சொன்னதாகவும் பின்னால் சாட்சிகள் கூறினார்கள்.

திபோ விடுதலையான இரண்டாம் நாள், ஏப்ரல் 10, சனிக்கிழமை மாலை, சென்-போல் தெருவில் எஜமானியின் வீட்டில் தீப்பிடித்தது. 45 வீடுகளும் ஒத்தெல்-தியே மருத்துவமனையும் எரிந்தன. உயிர்ச்சேதம் இல்லை. மறுநாளே அவளைக் கைது செய்தார்கள். வதந்திகளை வைத்தே வாரக்கணக்கில் வழக்கு நடந்தது. மே மாதக் கடைசியில், அவள் கரண்டியில் தணலோடு மாடிக்குப் போனதைப் பார்த்ததாக ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி சொன்னாள். அது போதுமானதாக இருந்தது.

அவள்தான் கொளுத்தினாளா? வரலாற்றாசிரியர் அஃபுவா கூப்பர் ஆமென்கிறார். டெனீஸ் போக்ராண்ட்-ஷாம்பாஞ் சந்தேகப்படுகிறார். ஐந்து வயதுக் குழந்தையின் ஞாபகத்தை நம்பி ஓர் உயிரை எடுக்க எனக்கு மனம் வராது. ஆனால் ஒன்று. ஹீத்கிளிஃபின் வன்மம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஒரு நாவலாசிரியை இருந்தார். ஆஞ்செலிக்கின் கோபத்தை எழுதிவைத்தவர்கள் நீதிமன்ற எழுத்தர்கள். விடுதலை மறுப்பு, விற்பனை, காதலனின் சிறை எல்லாம் அந்தத் தாள்களில் குற்றத்துக்கான காரணங்களாக மட்டுமே பதிவாகியிருக்கின்றன.

ஜூன் 21 காலை கால்களைப் பலகைகளுக்கு நடுவே வைத்து ஆப்பு அறைந்தார்கள். அதுவரை மறுத்தவள் ஒப்புக்கொண்டாள். யாரும் துணையில்லை, தான் மட்டுமே என்றாள். எவ்வளவு இறுக்கியும் திபோவின் பெயரைச் சொல்லவில்லை. அன்று பிற்பகல் எரிந்த வீடுகளுக்கு எதிரே தூக்கிலிட்டு, உடலை எரித்தார்கள். தூக்கிலிட்ட மத்தியூ லெவெய்யேவும் ஓர் அடிமைதான்.

திபோ, தீப்பிடித்த சில நாட்களிலேயே காணாமல் போயிருந்தான். பிடியாணை போட்டும் கடைசிவரை அகப்படவில்லை.