மீன்தொட்டியைக் கண்டுபிடித்த தையல்காரப் பெண்!

ஹாலில் சுவரை ஒட்டி ஆறடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே நீல வெளிச்சம், அசைந்தாடும் பவளங்கள், நடுவில் ஆரஞ்சு கலரில் ஒரு 'நீமோ'. இன்ஸ்டா ரீல்ஸில் இதைப் பார்த்துட்டு, 'நம்ம வீட்லயும் ஒண்ணு வெச்சா என்ன?' என்று ஒரு நொடியாவது நினைச்சிருப்பீங்க. நீங்கள் சிறுவாச்சூர்க்காரராக இருந்தால் அடுத்த நொடியே சிரிப்பும் வந்திருக்கும். திங்கள், வெள்ளி என்றால் மதுரகாளியம்மன் கோயிலில் அலைமோதும் கூட்டத்தைப் பார்க்கலாம். அலையைப் பார்க்க நூறு கிலோமீட்டருக்கு மேல் போகணுமே!

ஆனால், கடல் உங்க ஊர்ப் பக்கம் ஏற்கெனவே வந்துட்டுத்தான் போயிருக்கு. பெரம்பலூர் மாவட்டம் காரை கிராமத்தின் செம்மண் ஓடைகளில், சுருண்ட நத்தை மாதிரி கற்கள் கிடைக்கின்றன. அம்மோனைட் என்ற கடல் உயிரியின் புதைபடிவங்கள் அவை. வயது சுமார் 10 கோடி ஆண்டுகள். டால்மியாபுரம் பக்கம் சுண்ணாம்புக்கல்லில் அந்தக் காலத்துப் பவளங்களே பதிந்திருக்கின்றன.

அந்த அம்மோனைட் போலவே சுருண்ட ஓட்டுக்குள் வாழும் ஓர் உயிரி இன்றைக்கும் உண்டு. பெயர் ஆர்கோனாட். நம் மீனவர்கள் பேய்க்கணவாய் என்று சொல்கிற ஆக்டோபஸின் உறவு. தோற்றத்தில்தான் ஒற்றுமை, ரெண்டும் ஒரே பரம்பரை ஓடு இல்லை. இந்த ஆர்கோனாட் கிளப்பிய ஒரு சந்தேகத்தைத் தீர்க்கத்தான் ஒரு பெண் கண்ணாடித் தொட்டியில் கடல்நீரை ஊற்றினார். அவர் பெயர் ழான் வில்ப்ரூ பவர்.

1794-ல் பிரான்ஸின் ஜூயாக் என்ற உள்நாட்டுக் கிராமத்தில் பிறந்தவர். அப்பா செருப்புத் தைப்பவர். படிப்பு என்று பெரிதாக எதுவும் கிடையாது. 18 வயதில் பாரிஸுக்குக் கிளம்பினார். 400 கிலோமீட்டருக்கு மேல், நடந்தே! வழித்துணையாக வந்த உறவினரே தொல்லை கொடுத்ததால் நடுவில் போலீஸிடம் அடைக்கலம் தேட வேண்டியதாயிற்று என்கிறார்கள். தாமதமாகப் போய்ச் சேர்ந்ததில், பேசி வைத்திருந்த வேலையும் போச்சு. கடைசியில் ஒரு தையல்கடையில் உதவியாளராகச் சேர்ந்தார்.

கை அப்படி ஒரு கை. 1816-ல் சிசிலி இளவரசி கரோலினுக்கு பிரெஞ்சு அரச குடும்பத்தில் கல்யாணம். மணப்பெண் கவுனில் எம்பிராய்டரி செய்தது ழான். அந்தக் கவுன் மூலம் அவர் பெயர் வெளியே தெரிந்தது. ஜேம்ஸ் பவர் என்ற வியாபாரியின் அறிமுகமும் அப்போதுதான். 1818-ல் இருவருக்கும் சிசிலித் தீவின் மெஸினா துறைமுக நகரில் திருமணம்.

வசதியான வீடு, எதிரே கடல். சும்மா இருந்திருக்கலாம். ழான் அந்தத் தீவை நடந்தே சுற்ற ஆரம்பித்தார். செடி, பூச்சி, கல், புதைபடிவம், கிளிஞ்சல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேகரித்துக் குறித்துக்கொண்டார். யாரும் சொல்லித்தரவில்லை. அந்த நடைகள் பின்னால் சிசிலிக்கான ஒரு வழிகாட்டிப் புத்தகமாகவே வந்தன.

இனிதான் ஆர்கோனாட் கதை. அதன் ஓடு காகிதம் போல மெல்லியது. உடம்போ ஓட்டோடு ஒட்டியே இருக்காது. அப்படியென்றால் அந்த ஓட்டை அதுவே கட்டியதா, இல்லை காலிச் சங்குக்குள் குடியேறும் துறவி நண்டு மாதிரி வேறு யாரோ கட்டிய வீட்டில் ஓசியில் இருக்கிறதா? அரிஸ்டாட்டில் காலத்துப் புதிர் இது. அதன் இரண்டு அகலமான கைகளைக் கப்பல் பாய் போல விரித்து மிதக்கும் என்று வேறு நம்பிக்கொண்டிருந்தார்கள். பெரிய பெரிய அறிஞர்கள் சண்டை போட்டார்கள். ஆனால், அவர்களிடம் இருந்ததெல்லாம் சாராய ஜாடியில் ஊறிய செத்த உடல்கள்தான்.

ழான் உயிரோடு பார்க்க முடிவு செய்தார். 1832 வாக்கில் மூன்று வகைத் தொட்டிகளை வடிவமைத்தார். ஒன்று, வீட்டுக்குள் வைக்கும் கண்ணாடித் தொட்டி. இரண்டாவது, கூண்டுக்குள் பொருத்திய கண்ணாடி. ஆழமில்லாத கடலில் இறக்கி, வேண்டும்போது மேலே தூக்கிப் பார்க்கலாம். மூன்றாவது, நங்கூரமிட்டுக் கடலிலேயே நிறுத்திய பெரிய கூண்டு. எல்லா வேலையையும் ஒரே தொட்டியில் முடித்துவிடலாம் என்று அவர் நினைக்கவே இல்லை. எந்த உயிருக்கு எது தாங்குமோ அதற்கேற்பப் பெட்டியை மாற்றினார். கட்டானியா நகரத்து அறிவியல் அகாடமி அந்தக் கூண்டுகளுக்கு அவர் பெயரையே வைத்தது.

இங்கே ஒரு நிமிஷம் நம்ம ஹாலுக்கு வாங்க. நாம் பொதுவாக எப்படி பிளான் பண்ணுவோம்? சோபாவுக்கு எதிரே எவ்வளவு இடம் இருக்குன்னு டேப் வெச்சு அளப்போம். ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி உயரம் என்றால் கிட்டத்தட்ட ஆயிரம் லிட்டர். தண்ணீர் மட்டுமே ஒரு டன்னைத் தாண்டும். கண்ணாடி, பாறை எடை தனி. மாடி வீடு என்றால் இன்ஜினீயரைக் கேட்காமல் வைக்கவே வைக்காதீங்க. போர் தண்ணீர் ஆகாது, ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் வீதம் இதற்கென்றே விற்கும் கடல் உப்பைக் கரைக்கணும். ஆயிரம் லிட்டருக்கு 35 கிலோ! தண்ணீர் ஆவியானாலும் உப்பு ஆவியாகாது. அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரைத்தான் ஊற்றணும். பவளத்துக்குத் தேவை சுமார் 25 டிகிரி. பெரம்பலூர் மே மாசத்தை நினைச்சுப் பாருங்க, சில்லர் இல்லாமல் நடக்காது. பவர்கட் ஆனால் பம்பு ஓட இன்வெர்ட்டர் வேணும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா வளரவே சில வாரங்கள் ஆகும். அதுவரை தொட்டி காலியாகத்தான் இருக்கணும். நம்மில் பலர் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

ழானிடம் பம்பும் இல்லை, சில்லரும் இல்லை. கடல் பக்கத்தில் இருந்தது, பொறுமை நிறைய இருந்தது. ஆர்கோனாட்களைக் கூண்டில் வளர்த்து, இரை போட்டு, முட்டையிலிருந்தே கவனித்தார். பொரிந்து வரும் குஞ்சுக்கு ஓடே கிடையாது. கொஞ்சம் வளர்ந்த பிறகு அதுவே ஓட்டைக் கட்ட ஆரம்பிக்கிறது. சிலவற்றின் ஓட்டை லேசாக உடைத்துப் பார்த்தார். அந்த 'பாய்' கைகளால் ஓட்டையை அடைத்துச் சரிசெய்துகொண்டன. ஆக, அவை பாயும் இல்லை, துடுப்பும் இல்லை. வீடு கட்டும் கொத்தனார் கைகள். பல நூற்றாண்டுச் சண்டை, ஒரு தையல்காரப் பெண்ணின் தொட்டியில் முடிந்தது.

முடிந்ததா? 1838-ல் அவருடைய சேகரிப்புகளையும் குறிப்புகளையும் ஏற்றிச்சென்ற கப்பல் பிரான்ஸ் கரையோரம் மூழ்கியது. இத்தனை வருஷ உழைப்பின் பெரும்பகுதி கடலுக்கே போய்விட்டது. போனை ஃபார்மட் பண்ணி போட்டோ தொலைந்தாலே நமக்கு ரெண்டு நாள் தூக்கம் வராது. நல்லவேளை, ஆர்கோனாட் ஆய்வைக் கட்டானியா அகாடமி ஏற்கெனவே அச்சிட்டிருந்தது. 1839-ல் தன் ஆய்வுகளை அவர் புத்தகமாகவும் கொண்டுவந்தார். சிசிலியை விட்ட பிறகு பாரிஸ், லண்டன் என்று வாழ்ந்தார். பழைய வேகத்தில் கள ஆய்வு மட்டும் தொடரவில்லை.

மற்றவர்கள் தொடர்ந்தார்கள். 1846-ல் அன்னா தின் என்ற பெண் இங்கிலாந்துக் கடற்கரையிலிருந்து பவளங்களை ஜாடியில் லண்டனுக்குக் கொண்டுவந்தார். தண்ணீரில் காற்று கலக்க, வீட்டுப் பணிப்பெண் ஜன்னலோரம் நின்று தினமும் அதைப் பாத்திரம் மாற்றி ஆற்றினார். நம்ம ஊர் டீ மாஸ்டர் டெக்னிக்தான்! வீட்டுக்குள் பவளம் வளர்த்ததில் முன்னோடி அவர். 1853-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன்களுக்குத் தனிக்கூடம் வந்தது. 1854-ல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகத்தால் 'அக்வேரியம்' என்ற பெயர் பரவியது. 1909-ல் சென்னை மெரினாவிலும் ஒன்று திறந்தார்கள். ஊரே தொட்டி வாங்கிக்கொண்டிருந்தபோது ழான் பெயரைச் சொன்னவர்கள் குறைவு. 1858-ல் ரிச்சர்ட் ஓவன் என்ற பெரிய விஞ்ஞானிதான், இதற்கெல்லாம் முதல் ஆள் இவர் என்று எழுதிவைத்தார்.

இன்னொரு விஷயம், இது முக்கியம். பவளப்பாறைகளுக்கு இங்கே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்தது என்று யாராவது உயிருள்ள பவளம் விற்க வந்தால், அது 'ஆஃபர்' இல்லை, கேஸ். அதனால் தொட்டிக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால், உள்ளே எந்த உயிர் வரப்போகிறது, அதைச் சட்டப்படி வளர்க்கலாமா என்று உறுதி பண்ணிக்கோங்க. மீன் மட்டும் போதும் என்றால் உங்க பட்ஜெட்டே வேற.

1870-ல் ஜெர்மன் படை பாரிஸை முற்றுகையிட்டபோது, ழான் பிறந்த ஊரான ஜூயாக்குக்கே திரும்பினார். 1871 ஜனவரியில் அங்கேயே காலமானார். கடல் எட்டிப் பார்க்காத கிராமம் அது. 1997-ல் வெள்ளிக் கோளில் உள்ள ஒரு பள்ளத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அங்கேயும் சொட்டுத் தண்ணி கிடையாது.