ஸ்பேனர் பிடித்த மேதை ஜி.டி. நாயுடு



எங்க அப்பா செங்கல் சூளைக்கு ஓட்டுற லாரி ரொம்பப் பழசு. அப்பா உயரம் கம்மி. கிளட்ச் பெடலை முழுசா மிதிக்கணும்னா சீட்டு நுனிக்கு நகரணும். முதுகுக்குப் பின்னால தலையணை வச்சுத்தான் இத்தனை வருஷமா ஓட்டுறாங்க. நான் டிப்ளமோ சேர்ந்த புதுசுல, கிளட்ச் ராடை அட்ஜஸ்ட் பண்ணினா சரியாயிடும்னு பெருமையாச் சொன்னேன். பட்டறை அண்ணாச்சி சிரிச்சிட்டார். ராடைத் திருகினா ஃப்ரீ பிளேதான் மாறும், பெடல் கிட்ட வராதுலேன்னார். எனக்கு வெட்கமாப் போச்சு. புஸ்தகத்துல படம் வரைஞ்சவன் வண்டிக்கு அடியில படுத்துப் பார்க்கலையே!

அப்போதுதான் ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கை எனக்கு உறைத்தது.

கோவைக்கு அருகே கலங்கல் கிராமத்தில், 1893 மார்ச் 23-ஆம் நாள் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. தொடக்கக் கல்வியோடு படிப்பு நின்றது. இளவயதில் ஒரு நாள், வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, எப்படி ஓடுகிறது? அந்தக் கேள்வி அவரை விடவில்லை. கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். காசு சேர்த்து அந்த மோட்டார் சைக்கிளையே வாங்கினார். வாங்கியவர் ஊரைச் சுற்றினாரா? இல்லை! அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, மறுபடியும் மாட்டினார். அவர் படித்த டிப்ளமோ அதுதான்.

1920-இல் ஸ்டேன்ஸ் துரையின் கடனுதவியோடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவரே ஓட்டினார். அந்த ஒரு பஸ்தான் யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியாக வளர்ந்தது.

பஸ் முதலாளி என்ற பெயரோடு நின்றிருந்தால் இன்று நாம் அவரைப் பேச மாட்டோம். எதைத் தொட்டாலும் இதை நம்ம ஊரில் செய்ய முடியாதா என்று யோசித்தவர் அவர். 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே தயாரான மின்மோட்டாரைக் கொண்டுவந்தார். டிரை செல்லில் ஓடும் ரேசர், மிக மெல்லிய சவர பிளேடு, மண்ணெண்ணெயில் சுற்றும் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி என்று பட்டியல் நீளும். 1952-இல் இரண்டு பேர் போகும் சின்னக் கார் ஒன்றையும் உருவாக்கினார். அரசாங்க லைசென்ஸ் கிடைக்காததால் அது பட்டறையோடு நின்றுபோனது. நினைத்தாலே மனசு வலிக்கிறது.

நண்பர்களே, நமக்கு முக்கியமான செய்தி இனிமேல்தான். பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிய அதே மனிதர்தான் 1945-இல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் உருவாகக் கை கொடுத்தார். அந்தக் கல்லூரிதான் பின்னாளில் அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆனது. நாலு வருஷப் படிப்பு நேர விரயம், இரண்டே வருஷத்தில் கற்றுக்கொடுக்கலாம் என்பது அவர் வாதம். அரசாங்கம் ஏற்கவில்லை. பதவி பெரிசா, கொள்கை பெரிசா என்ற நிலை வந்தபோது பதவியை விட்டு விலகினார். 1974 ஜனவரி 4-ஆம் நாள் அவர் மறைந்தார்.

நம்மில் பலர் வீட்டில் நாம்தான் முதல் படிப்பாளி. படிப்பு வேண்டாம் என்று அவர் வாழ்க்கை சொல்லவில்லை. படித்ததைக் கையால் தொட்டுப் பார் என்றுதான் சொல்கிறது.

நானும் தொட்டுப் பார்த்தேன். பெடல் தண்டை நீட்டினால் லிவர் அளவு மாறி, மிதிக்க வேண்டிய தூரம் கூடும். அதனால் தண்டைத் தொடவில்லை. பெடல் தலைமேல் இரண்டு அங்குல உயரத்தில் வரி போட்ட தகட்டுப் பெட்டி செய்து, ஆடாமல் கிளாம்ப் போட்டு போல்ட் முடுக்கினோம். பெடல் போகும் தூரம் பழையபடியே இருக்கிறது. காலுக்கு மட்டும் இரண்டு அங்குலம் மிச்சம். அண்ணாச்சிதான் வெல்டிங் வைத்தார், அளவு எடுத்தது நான். இப்போ தலையணை வீட்டுல கிடக்கு!

வாருங்கள் நண்பர்களே, பேனா பிடித்த கையால் ஸ்பேனரும் பிடிப்போம்!

– இரண்டாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன், சங்கரன்கோவில்