வானத்தை வசப்படுத்திய வில்லியம் லியர்



முதலாளிமாரும் தலைவர்களும் தனியாகப் போகிற சின்ன ஜெட் விமானங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இன்று அவற்றில் சில, இடையில் எங்கும் இறங்காமல் 14,000 கிலோமீட்டர் பறக்கின்றன. அதற்கு வழி திறந்தவர்களில் ஒருவர் வில்லியம் லியர். அவர் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

1902-இல் அமெரிக்காவின் ஹன்னிபால் என்ற ஊரில் பிறந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது, கற்பது நிற்கவில்லை. ரேடியோ வேலையில் தேறினார். கார் ரேடியோவிலும் அவர் கை உண்டு. விமானத்தைத் தானாகவே ஓட்டும் கருவிக்காக 1949-ஆம் ஆண்டின் காலியர் விருதைப் பெற்றார்.

அறுபதை நெருங்கும் வயதில், பேரப்பிள்ளைகளோடு உட்காராமல், ஜெட் விமானம் செய்யக் கிளம்பினார்! சுவிட்சர்லாந்து 1958-இல் கைவிட்ட பி-16 போர் விமானத்தின் இறக்கை அவரைக் கவர்ந்தது. பிறர் ஒதுக்கியதிலிருந்து அவர் பாடம் படித்தார்.

1963 அக்டோபர் 7-இல் விச்சிட்டா நகரில் லியர்ஜெட் பறந்தது. எடை 5,670 கிலோவைத் தாண்டக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்தார். எடை குறைந்தால் எண்ணெய் மிச்சம். உயரப் பறந்தால் காற்று மெலிவு, அதனாலும் மிச்சம். இரண்டு எஞ்சினையும் வால் பக்கம் வைத்தார். இருந்தும் சுமார் 2,900 கிலோமீட்டர்தான் ஒரே மூச்சில் போக முடிந்தது.

1964 ஜூனில் சோதனையின்போது முதல் விமானம் விழுந்து எரிந்துபோச்சு. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்றுதானே நாம் உட்கார்ந்துவிடுவோம்? அவர் உட்காரவில்லை. இன்ஷூரன்ஸ் பணத்தை வைத்து வேலையைத் தொடர்ந்தார். மறுமாதமே அரசாங்கச் சான்றிதழ் கிடைத்தது.

1967-இல் கம்பெனியையே விற்க நேர்ந்தது. அப்போதும் ஓயவில்லை. நெடுந்தூரம் பறக்கும் இன்னொரு விமானத்துக்குத் திட்டம் வகுத்தார். 1976-இல் கனடாவின் கனடேர் நிறுவனம் அதன் உரிமையைப் பெற்றது; உடலை அகலமாக்கியது. எடை கூடுமே என்று லியருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் மணிக்கணக்காக உட்கார்ந்து போகிறவர்களுக்கு அந்த அகலம்தான் வசதியானது. அந்தச் சேலஞ்சர் 1978 நவம்பரில் பறந்தபோது பார்க்க அவர் இல்லை. மே மாதமே காலமாகிவிட்டார். அதே அகல உடலிலிருந்துதான் 1996-இல் கண்டம் தாண்டும் குளோபல் எக்ஸ்பிரஸ் பிறந்தது.

பிள்ளைகளே, எட்டாம் வகுப்போடு நின்றார் என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள்! அவருக்குக் கிடைக்காத பள்ளிக்கூடம் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. பெற்றோர்களே, பிள்ளை ஒருமுறை தோற்றால் படிப்பை நிறுத்திவிடாதீர்கள். எரிந்த விமானத்துக்குப் பிறகும் இன்னொன்று பறந்தது அல்லவா?